ஃபேப் லேபில் சாவிக்கொத்து தவிர வேறென்ன செய்வது?

இசிஇ டீச்சர் (கேள்வி)

வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இசிஇ துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் எங்கள் கல்லூரியில் ரிப்பன் வெட்டி, குத்துவிளக்கு ஏற்றி ஒரு ஃபேப் லேப் (கம்ப்யூட்டரில் வரைந்ததை மெஷினில் செய்து பார்க்கிற பட்டறை) திறந்தார்கள். உள்ளே ஒரு லேசர் கட்டர், மூன்று த்ரீ-டி பிரிண்டர், ஸ்டிக்கர் வெட்டும் வினைல் கட்டர், சர்க்யூட் போர்டு செதுக்கும் சின்ன மில்லிங் மெஷின், சால்டரிங் மேஜைகள் நாலு. எல்லாம் நல்ல சாமான். குறை சொல்ல முடியாது.

இந்த எட்டு மாதத்தில் அங்கே உருவான பொருட்களைக் கணக்கெடுத்தேன். கல்லூரிச் சின்னம் போட்ட சாவிக்கொத்து 140. சிறப்பு விருந்தினர்களுக்கு அக்ரிலிக் நினைவுப் பரிசு 12. அறை வாசல்களுக்குப் பெயர்ப் பலகை. ஆயுத பூஜைக்கு ஒரு பிள்ளையார், தும்பிக்கை பாதியில் நின்றுபோனவர். அவரையும் சேர்த்து மாணவர்கள் தாங்களாக யோசித்துச் செய்தது என்று பார்த்தால் மூன்றோ நாலோ.

போன மாதம் அந்த லேபை என் பொறுப்பில் கொடுத்தார்கள். "நீங்கதான் மேடம் ஆர்வமா இருக்கீங்க" என்றார் ஹெச்ஓடி. ஆர்வமாக இருந்தால் என்ன நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மூன்று குழப்பம். டைம்டேபிளில் இடமே இல்லை. முதலாண்டு எஞ்சினியரிங் பிராக்டிசஸ் லேபில் பிளம்பிங், மரவேலை, ஒயரிங், வெல்டிங், ஷீட் மெட்டல் என்று ஏற்கெனவே பட்டியல் நிரம்பியிருக்கிறது. இதை எங்கே நுழைப்பது? அப்புறம், மாலையில் திறந்துவைத்தால் மாணவர்கள் வருவார்களா? மூன்றாவது என் துறைக் கேள்வி: இத்தனை வருஷமாக ஃபெரிக் குளோரைடு கரைசலில்தான் போர்டு அரிக்கிறோம். அதை விட்டுவிட்டு மில்லிங்குக்கு மாறுவது பிரயோஜனமா?

மெஷினை உடைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. மறைப்பானேன்.

மூன்றாம் ஆண்டு மெக்

மேம், எங்கள் கல்லூரியிலும் இதே கதை. சாவி ஹெச்ஓடி பீரோவில். அவர் மீட்டிங்கில் இருந்தால் லேப் லீவு. ஆய்வுக்குழு வருகிற அன்று மட்டும் எங்களை டீ-ஷர்ட் போட்டு நிற்கவைத்து பிரிண்டரை ஓடவிடுவார்கள். மூன்று முறை வந்தார்கள், மூன்று முறையும் அதே குட்டிப் படகுதான் பிரிண்ட் ஆனது.

ஐஐடி மெட்ராஸில் சிஎஃப்ஐ (சென்டர் ஃபார் இன்னொவேஷன்) என்று ஒன்று 2008லிருந்து நடக்கிறது, நடத்துவதே மாணவர்கள்தான். எங்களிடம் அவ்வளவு வேண்டாம், ஸ்குரூடிரைவரைக் கையில் கொடுத்தாலே போதும்.

பட்டறை மாமா

மேடம், நான் பேராசிரியர் இல்லை, ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். லேத், ஷேப்பர் என்று 17 வருஷம் பாலிடெக்னிக்கில் ஓட்டிவிட்டு, இப்போது கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆறு வருஷமாக இந்த மாதிரி லேபைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன பயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சாவி பீரோவுக்குப் போவது அந்தப் பயத்தால்தான்.

உடைப்பார்கள். எங்கள் லேபில் நாசில் அடைப்பு எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டு பிரிண்டர் பெட் கீறல். மில்லிங் பிட் உடையாத வாரம் கிடையாது. ஆனால் பெரிய சேதம் என்று பார்த்தால் ஆறு வருஷத்தில் இரண்டே. ஒன்றைச் செய்தவன் நான். ஏப்ரல் மாதம் லேசர் டியூபுக்குப் போகிற தண்ணீர் பம்ப் நின்றதைக் கவனிக்காமல் ஓட்டி, டியூபில் விரிசல் விட்டது. இரண்டாவது ஒரு பையன் சன்போர்டை லேசரில் வைத்தது. விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பலகை, மெத்தென்று இருக்கும், வெட்ட ஆசையாக இருக்கும். அது பிவிசி. சூடானால் அதிலிருந்து வருகிற புகை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகிவிடும். நெஞ்சுக்கும் ஆகாது, மெஷினுக்கும் ஆகாது. ஒரே மதியம்தான் வெட்டினான், அடுத்த வாரம் லேசர் தலை ஓடுகிற ரெயில் முழுக்கத் துரு.

அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவனையே வைத்து ஒரு சோதனையைச் சுவரில் எழுதி ஒட்டினேன். செம்புக் கம்பியை அடுப்புச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, சந்தேகப்படுகிற பிளாஸ்டிக்கில் ஒரு தொடு தொட்டு, ஜன்னல் ஓரமாக வைத்து மறுபடி சுடரில் காட்டு. பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, லேசர் பக்கமே கொண்டுவராதே. கெமிஸ்ட்ரி லேபில் மார்க்குக்காகப் படித்ததை இங்கே வந்துதான் பாதிப் பேர் நம்புகிறார்கள்.

இன்னொன்று, லேசர் ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். டீ குடிக்கப் போகக் கூடாது. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தீப்பிடிப்பது கண்ணிமைக்கிற நேரம். அணைக்கக் கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டர் வையுங்கள். பவுடர் அடித்தால் தீயோடு லென்ஸும் போய்விடும்.

சரி, டைம்டேபிள். புதிதாக ஒரு பாடம் கேட்டு அலையாதீர்கள், கிடைக்காது. நான் செய்தது, இருக்கிற முதலாண்டு பிராக்டிகலிலேயே மூன்று வாரத்தை வாங்கிக்கொண்டது. முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே வேலை: லேசர் எவ்வளவு தின்கிறது என்று அளப்பது. எம்டிஎஃபில் பக்கத்துப் பக்கத்தில் பத்துத் துண்டு வருகிற மாதிரி 11 கோடு வெட்டச் சொல்வேன். வெட்டியதும் துண்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளினால் மறு ஓரத்தில் ஒரு சந்து விழும். அதை வெர்னியரில் அளந்து 11ஆல் வகுக்க வேண்டும். எங்கள் மெஷினில் சந்து 1.7 மி.மீ. வரும், ஒரு வெட்டுக்கு 0.15 என்று வைத்துக்கொள்வோம். வெர்னியரைப் பிசிக்ஸ் லேபில் ரெக்கார்டு எழுத மட்டுமே தொட்ட பிள்ளைகள் அன்றுதான் முதல்முறை அதை நிஜமாகப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வாரம், பசையும் ஆணியும் இல்லாமல் இறுக்கமாக நிற்கிற ஒரு டப்பா. இங்கேதான் வேடிக்கை. பலகை 3 மி.மீ. என்று கடைக்காரர் சொன்னார், அதனால் பலகை நுழைகிற காடியும் 3 மி.மீ. என்று வரைவார்கள். எல்லாம் கழன்று விழும். அளந்து பார்த்தால் பலகை 2.8தான் இருக்கும். லேசர் தின்னும் 0.15ஐயும் கழித்து 2.65 என்று வரைந்தால்தான் பிடிக்கும். நான் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. சொல்லிக்கொடுத்த வருஷம் எல்லோருக்கும் டப்பா நின்றது, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

செலவு பெரிய விஷயமில்லை. எட்டுக்கு நாலு அடிப் பலகையைக் கடையிலேயே 12 துண்டாக அறுத்து வாங்குவேன், ஒரு துண்டு நாலு பேருக்கு. ஒரு பலகையில் 48 பேர் முடிந்துவிடும்.

மூன்றாவது வாரம் வீட்டிலிருந்து உடைந்த ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். மிக்ஸி மூடியின் கொக்கி, ஜன்னல் கொண்டி, பாட்டியின் ரேடியோ திருகு. அதை அளந்து, வரைந்து, மறுபடி செய்ய வேண்டும். சாவிக்கொத்து தடை என்று நான் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. உடைந்தது கையில் இருந்தால் அது தானாகவே நின்றுவிடுகிறது.

போன வருஷம் ஒருவன் தோட்டத்து கேட் வால்வின் கைச்சக்கரத்தைக் கொண்டுவந்தான். வார்ப்பிரும்பு, இரண்டு ஆரம் உடைந்தது. 150 மி.மீ. குறுக்களவு. அழகாக வரைந்து கறுப்பு பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடுத்தான், ராத்திரி முழுக்க ஓடியது. கொண்டுபோய் மாட்டினான். சித்திரை வெயிலில் அது முறுக்கிக்கொண்டு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், கறுப்பு வேறு. அவன் அப்பா போனில், "இதுக்கா தம்பி பீஸ் கட்டுறோம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கே கொஞ்சம் சுருக்கென்றது.

அப்போதுதான் தோன்றியது. நாம் இருப்பது கோவை. தெருவுக்கு ஒரு பவுண்டரி. பிளாஸ்டிக் சக்கரத்தைப் பேட்டர்னாக (மண்ணில் அச்சு எடுக்கிற மாதிரியாக) வைத்து அலுமினியத்தில் ஊற்றலாமே? புதிதாக ஒன்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு தெரிந்த பட்டறைக்குப் போனோம். மோல்டர் ஒருவர், 60 வயசு இருக்கும், அதைக் கையில் வாங்கி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "டேப்பர் எங்கே கண்ணு? இதை மண்ணுல வெச்சா வெளிய எடுக்கறப்போ மண்ணையும் சேத்துத்தான் எடுக்கும்." அடுக்கடுக்காக விழுந்த பிரிண்ட் கோட்டைக் காட்டி, "இதுல மண்ணு புடிச்சுக்கும், பட்டி பூசித் தேய்ச்சுக் கொண்டா" என்றார். நடு ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார். "இத்தனூண்டு ஓட்டையை எவனாச்சும் ஊத்துவானா? அடைச்சு ஊத்து, அப்புறம் ட்ரில் போடு."

பையன் திரும்பி வந்து பக்கங்களுக்கு 2 டிகிரி சரிவு கொடுத்தான், பட்டி பூசி உப்புத்தாள் போட்டான், பெயின்ட் அடித்தான். ஊற்றியாகிவிட்டது. சக்கரம் வந்ததும் அளந்தால் 148. "மெஷின் தப்பா சார்?" என்றான். அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு 1.3 பங்கு சுருங்கும் என்பது அவன் படிக்கிற மானுஃபேக்சரிங் புத்தகத்திலேயே இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். கைச்சக்கரத்துக்கு 2 மி.மீ. பெரிய விஷயமில்லை, விட்டுவிட்டோம். கடைசியில் நடு ஓட்டையை ட்ரில் போட்டு, அரம் வைத்துச் சதுரமாக்க வேண்டும். அதற்கு எங்கே போனான் தெரியுமா? முதலாண்டில் "எதுக்கு சார் இதெல்லாம்" என்று முனகிக்கொண்டே ராவிய அதே ஃபிட்டிங் ஷாப்புக்கு. அரை நாள் ராவினான். முனகவில்லை.

பழைய பட்டறையை மூடிவிட்டு அந்த இடத்தில் ஃபேப் லேப் வைக்கலாம் என்று உங்கள் நிர்வாகத்தில் யாராவது யோசனை சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சில கல்லூரிகளில் லேத்தைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை விடுங்கள்.

மார்க் பற்றி ஒரு வார்த்தை. முடிந்த பொருளுக்கு நான் பாதி மார்க்தான் போடுவேன். மீதி, வீணாய்ப்போன துண்டுகளுக்கு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதியும் ஏன் போச்சு என்று ஒரு வரியும் எழுதியிருக்க வேண்டும். முளைவிட்ட பிஎல்ஏ சக்கரம் இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது.

பாபல் போய்வந்தவன்

மாமா, "முளைவிட்ட" இல்லை, "முறுக்கிய"! போனில் டைப் அடித்தீர்களா?

மேடம், நீங்கள் சொல்கிற சாவிக்கொத்துக்கு ஏற்கெனவே பெயரே வைத்துவிட்டார்கள். பாலோ பிளிக்ஸ்டைன், அப்போது ஸ்டான்ஃபோர்டில் இருந்தவர், 2013ல் எழுதிய கட்டுரையில் "சாவிக்கொத்து நோய்" என்கிறார். லேசரில் சாவிக்கொத்து செய்வது சுலபம், பார்க்கவும் அழகு, எல்லோரும் பாராட்டுவார்கள். அதனால் பிள்ளைகள் அதைத் தாண்டவே மாட்டார்கள் என்பதுதான் விஷயம். ஆக, உங்கள் கல்லூரி உலகத்தரத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998ல் "கிட்டத்தட்ட எதையும் செய்வது எப்படி" என்று வகுப்பு ஆரம்பித்தபோது, ஆராய்ச்சி மாணவர்கள் பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தாராம். நூறு பேர் வந்து நின்றார்கள், அதில் பலர் எஞ்சினியரே இல்லை. கெல்லி டாப்சன் என்பவர் ஒரு பை செய்தார். கூட்டத்துக்கு நடுவே கத்த வேண்டும்போல இருந்தால் அதற்குள் கத்தலாம், சத்தம் வெளியே வராது. பிறகு தனியாக இருக்கும்போது அந்தக் கத்தலை வெளியே விடலாம். யாருக்கும் விற்பதற்கில்லை, அவருக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உங்கள் கல்லூரி ஆசிரியர் அறைக்கு ஒன்று செய்துவையுங்கள்.

எம்ஐடிக்கு வெளியே முதலில் அமைந்த ஃபேப் லேப்களில் ஒன்று நம் நாட்டில்தான், புனேவுக்குப் பக்கத்தில் பாபல் கிராமத்தில், 2002ல். 1983ல் கல்பாக் என்ற விஞ்ஞானி தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம் அது. பள்ளியில் தேறாத பிள்ளைகள் கையால் வேலை செய்து கற்கிற இடம். நான் போனபோது என் கண்ணில் பட்டது மெஷின் இல்லை, வெல்டிங்கும் வயலும் லேபும் ஒரே வளாகத்தில் இருந்ததுதான். மாமா சொன்ன பவுண்டரி கதை அந்த வகை.

உங்கள் போர்டு கேள்விக்கு வருகிறேன். மாறலாம், ஆனால் முழுசாக வேண்டாம். மில்லிங்கில் ஒரு போர்டை மதியம் வரைந்து சாயங்காலம் சால்டர் பண்ணிவிடலாம், கறையும் கழிவுநீரும் கிடையாது. தடங்களுக்கு 0.4 மி.மீ. பிட், வெளிவிளிம்புக்கு 0.8. முக்கியமாக, நீங்கள் வழக்கமாக வாங்குகிற எஃப்ஆர்-4 போர்டு வேண்டாம். அதில் கண்ணாடி இழை இருக்கிறது. பிட்டையும் தின்னும், தூசி நுரையீரலுக்கும் ஆகாது. காகித அடிப்படையில் வருகிற எஃப்ஆர்-1 வாங்குங்கள். போர்டை இரட்டைப் பக்க டேப்பில் மேடு பள்ளமில்லாமல் ஒட்டுவதுதான் பாதி வித்தை. ஒரு ஓரம் காகிதம் கனம் தாழ்ந்திருந்தாலும் அங்கே செம்பு வெட்டுப்படாது. ஆனால் ஒரே டிசைனில் 60 போர்டு வேண்டுமென்றால் மில்லிங்கில் உட்காராதீர்கள், வெளியே கொடுத்து அடித்து வாங்குங்கள்.

இறுதியாண்டு, லேடீஸ் ஹாஸ்டல்

மேம், மாலையில் திறந்தால் வருவார்களா என்று கேட்டீர்கள். யார் வர முடியும் என்று பாருங்கள். எங்கள் கல்லூரியில் லேப் 4.30 முதல் 8 வரை திறந்திருக்கும் என்று நோட்டீஸ் போட்டார்கள். கல்லூரி பஸ் 4.40க்குக் கிளம்பிவிடும், டேஸ்காலர் யாரும் இல்லை. எங்கள் ஹாஸ்டல் கேட் 6.30க்கு மூடிவிடும், அதற்கு முன் அட்டெண்டன்ஸ். மிச்சம் பாய்ஸ் ஹாஸ்டல் மட்டும். ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் "மாணவிகளிடம் ஆர்வம் குறைவு" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கத்துகிற பை தேவைப்பட்டது.

நாங்கள் கேட்டு வாங்கியது: சனிக்கிழமை காலை, அப்புறம் வாரத்தில் ஒரு நாள் லைப்ரரி ஹவர். ஒரு பிரிண்ட் ஐந்து மணி நேரம் ஓடுவதால், காலையில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வந்து எடுத்துக்கொள்ளவும் அனுமதி. அதற்குப் பிறகு வந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ரிப்போர்ட் எழுதவில்லை.

பட்டறை மாமா

டைப் தப்புதான் தம்பி, வெயிலில் அது முளைவிட்ட மாதிரியும் இருந்தது. ஹாஸ்டல் பொண்ணு சொன்ன பஸ் கணக்கு எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவே இல்லை. எங்கள் லேபும் சாயங்காலம்தான். திங்கட்கிழமை பேசிப் பார்க்கிறேன்.

இசிஇ டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

மூன்று வாரம் கேட்டேன், இரண்டு கிடைத்தது. புதன் லைப்ரரி ஹவரும் சனிக்கிழமை காலையும் லேபுக்கு வந்தன. சாவி இரண்டு: ஒன்று என்னிடம், இன்னொன்று லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம். ஹெச்ஓடியிடம் கேட்டபோது, "தொலைஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்றார். சரி என்றேன்.

64 பேரில் 61 பேர் கெர்ஃப் (மாமா சொன்ன, லேசர் தின்கிற அளவு) அளந்துவிட்டார்கள். எங்கள் மெஷினில் 0.18 வருகிறது. சின்ன டப்பா முதல் சுற்றில் ஒருத்தருக்கும் நிற்கவில்லை, ஒருத்தி மட்டும் டேப் ஒட்டிக் கொண்டுவந்தாள், கண்டுபிடித்துவிட்டேன். பிட் மூன்று உடைந்தது, இரண்டு என் கையில். சுவரில் செம்புக் கம்பிச் சோதனையை ஒட்டியாகிவிட்டது.

மாமா, ஒரு சந்தேகம். ஒவ்வொரு பலகையும் ஒரு கனமாக இருக்கிறது, ஒன்று 2.7, ஒன்று 2.9, ஒன்றிலேயே ஓரத்தில் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு. கோவையில் சரியாக 3 மி.மீ. எம்டிஎஃப் எந்தக் கடையில் கிடைக்கும்?

பட்டறை மாமா

எந்தக் கடையிலும் கிடைக்காது மேடம். வெர்னியரைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள்.